பெரிய வண்டிக்குக் கரி மூட்டியவள்

போன மாதம் என் பேரன் புது வண்டி வாங்கினான். மூன்று வரிசை சீட்டு, உள்ளே ஜில்லென்று காற்று, கதவு தானாக நகர்ந்து மூடிக்கொள்கிறது. "எங்க வேணும்னாலும் உக்காருங்க பாட்டி, எடம் நெறைய இருக்கு" என்றான். நான் குனிந்து குனிந்து கடைசி வரிசைக்குப் போய் மூலையில் உட்கார்ந்தேன். முன்னால் வரச் சொல்லி எல்லோரும் கெஞ்சிப் பார்த்தார்கள். கிழவிக்குப் பிடிவாதம் என்று விட்டுவிட்டார்கள். பிடிவாதம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு ஒரு காரணம் உண்டு. அதை அந்தப் பிள்ளைகளிடம் சொன்னால் பாதிக்கு மேல் புரியாது, அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

நம் வயதுக்காரர்களுக்குக் கரி வண்டி என்றால் அதிகம் விளக்க வேண்டியதில்லை. யுத்த காலத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்து, பஸ்ஸுக்கும் காருக்கும் பின்னால் ஆளுயர இரும்பு உருளையைக் கட்டி, அதில் அடுப்புக்கரியைப் போட்டு மூட்டி, அதிலிருந்து வரும் வாயுவில் என்ஜினை ஓட்டினார்களே, அது. மேட்டில் எல்லோரும் இறங்கித் தள்ளியதும், மூஞ்சியெல்லாம் கரியாகி ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்ததும் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். எனக்கு அந்த வாசனையை நினைத்தால் சிரிப்பு வராது.

எங்கள் வீடு நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்தது. எங்கள் வீடு என்கிறேன், உண்மையில் அது பெரியப்பா வீடு. என்னைப் பெற்ற கையோடு அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பா கோலார் தங்கவயலில் வேலை பார்த்தார். மாரியம்மன் பண்டிகைக்கு வருவார், ஒரு தகர டப்பா நிறைய பிஸ்கட் கொடுப்பார், தலையைத் தடவுவார், போய்விடுவார். பெரியப்பாவுக்குப் பிள்ளைகள் ஒரு படை. அந்தப் படையில் நானும் ஒருத்தி. யாரும் என்னை அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. நான் சாப்பிட வராவிட்டால் யாரும் தேடியதும் இல்லை.

பெரியப்பாவுக்கு ஒரு ஆசை இருந்தது. குடும்பம் மொத்தமும் ஒரே வண்டியில் ஊர் போக வேண்டும். கல்யாணம், காது குத்து, தேர் எதுவானாலும் நாங்கள் மாட்டு வண்டிகளைக் கட்டிக்கொண்டுதான் போவோம். ஒரு வண்டி போய்ச் சேர்ந்து பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது இன்னொரு வண்டியின் மாடு வழியில் படுத்துக் கிடக்கும். "ஒட்டுக்கா போவணும், ஒட்டுக்கா வரணும். அதுதான்டா குடும்பம்" என்பார். ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்பும்போது தன் காரை விற்றுவிட்டுப் போனார். பெரியப்பா அதை வாங்கிக்கொண்டு வந்தார். அன்று ஊரே எங்கள் வாசலில் நின்றது.

கறுப்பு உடம்பு, துணிக் கூரை, இரண்டு பக்கமும் கால் வைத்து ஏற நீளப் பலகை. பித்தளை ஹாரனின் ரப்பர் குமிழை அமுக்கினால் தொண்டை கட்டிய வாத்து மாதிரி கத்தும். முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் நடுவில், தரையிலிருந்து தூக்கி விரிக்கிற மடக்கு சீட்டு இரண்டு உண்டு. தோல் உறை, அடியில் கம்பிச் சுருள், விரிக்கும்போது விரலைக் கடித்துவிடும். ஏழு பேர் போகிற வண்டி என்றுதான் பேச்சு. எங்கள் வீட்டில் அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? மடியில் ஒன்று, அந்த மடியின் மேல் ஒன்று, பலகையில் தொற்றிக்கொண்டு சில என்று ஏற்றுவார்கள். ஊரில் அதற்குப் 'பெரிய வண்டி' என்றே பெயராகிவிட்டது.

வண்டி வந்த பிறகு வீடே அதற்குத் தகுந்தபடி நகர்ந்து கொடுத்தது. மாட்டுக் கொட்டகையில் பாதியைத் தடுத்துச் சுவர் வைத்து, வாசல் பக்கம் பெரிய இரட்டைக் கதவு போட்டு வண்டிக் கொட்டகை ஆக்கினார்கள். பின்பக்கம் ஒரு சின்னக் கதவு, அது சமையல்கட்டை ஒட்டித் திறக்கும். டிரைவர் வண்டியைப் பின்னோக்கியே உள்ளே விட்டு, அதன் மூக்கு இரட்டைக் கதவை முட்டுகிற மாதிரி நிறுத்த வேண்டும். நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது வண்டி பின்னால் நகரக் கூடாது என்பது பெரியம்மாவின் சட்டம். வெள்ளிக்கிழமை தோறும் அவள் அதன் மூக்கில் மஞ்சள் குங்குமம் வைப்பாள். டிரைவர் தலையில் அடித்துக்கொண்டு துடைப்பார். கோழிகள் அதன் அடியில் முட்டையிட்டன. ஊரில் யாருக்காவது பிரசவ வலி கண்டால் தர்மபுரி ஆஸ்பத்திரிக்குப் பெரிய வண்டிதான் போகும்.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அப்பாவுக்கு நேர் இளையவள். பொம்மிடிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமா வாந்திபேதியில் போய்விட, அத்தை திரும்பி வந்துவிட்டாள். அப்போது அவளுக்கு இருபது வயது இருந்தால் அதிகம். பின்கட்டில் தானியக் குதிர்கள் நின்ற அறைதான் அவளுக்கு. யாராவது நல்ல காரியத்துக்குக் கிளம்பினால் அவள் எதிரில் வரக் கூடாது. அதற்காக யாரும் அவளை அதட்டியதில்லை. "ஏம்மா, கெளம்பறோம்" என்று பெரியம்மா பின்கட்டைப் பார்த்து ஒரு குரல் கொடுப்பாள். குதிர் அறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்கும். அதன் பிறகு வண்டி கிளம்பும். மாடு கன்று கத்துகிற மாதிரி அதுவும் அந்த வீட்டுச் சத்தங்களில் ஒன்று.

குடும்பம் மொத்தமும் என்று பெரியப்பா சொன்னாரே, அந்த மொத்தத்தில் அத்தை இல்லை. அதை அவர் யோசித்தே பார்த்ததில்லை என்றுதான் நினைக்கிறேன். கெட்ட மனுஷர் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஆரம்பத்தில் எனக்கு மடக்கு சீட்டில் பாதி கிடைத்தது. தீர்த்தமலைக்குப் போகும்போது பெட்ரோல் நாற்றமும் வளைவும் சேர்ந்து குடலைப் புரட்ட, பெரியம்மாவின் பட்டுப் புடவை மேல் வாந்தி எடுத்துவிட்டேன். அடுத்த தடவையும் அப்படித்தான். அதோடு என் கதை முடிந்தது. "இந்தக் குட்டிய வூட்டுலயே வுட்டுட்டுப் போலாம். இதுக்கு வண்டி ஒத்துக்காது" என்றாள் பெரியம்மா. அப்படித்தான் நானும் அத்தையும் வீட்டில் மிஞ்சினோம். வண்டி போன பிறகு அந்தப் பெரிய வீட்டில் விழும் அமைதி இருக்கிறதே, அது இன்றைக்கும் எனக்குப் பிடிக்காது. வாசலில் சக்கரத் தடம் மட்டும் கிடக்கும்.

தீர்த்தமலையிலிருந்து வந்த அன்று அத்தை என் பாவாடையை அலசிக்கொண்டே கேட்டாள்.

"வண்டியில போனா எப்படி இருக்கும் கண்ணு?"

"மரமெல்லாம் பின்னால ஓடுது அத்த."

"போடீ, மரம் எங்கியாவது ஓடுமா?"

"நெசமா. நாம சும்மாதான் உக்காந்திருக்கோம். மரந்தான் ஓடுது."

அத்தை துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். பிறகு, "ஒரே ஒரு தடவ அதுல ஏறிப் பாத்துடணும்" என்றாள். யாரிடமும் அவள் எதுவும் கேட்டு நான் பார்த்ததில்லை. அதையும் அவள் யாரிடமும் கேட்கவில்லை, என்னிடம்தான் சொன்னாள். அவள் அந்த வண்டியை நேருக்கு நேர் நின்று பார்த்ததுகூடக் கிடையாது. குதிர் அறைச் சன்னலிலிருந்து அதன் பின்பக்கம் போவதைத்தான் பார்த்திருக்கிறாள்.

யுத்தம் வந்தது. பெட்ரோல் கூப்பன் போதாமல் வண்டி வாரக்கணக்கில் கொட்டகையில் நின்றது. பெரியப்பா சேலத்துக்கு அனுப்பிக் கரி உருளையைப் பொருத்திக்கொண்டு வந்தார். அழகான வண்டி, முதுகில் கூன் விழுந்த மாதிரி ஆகிவிட்டது. கரி மூட்டைகள் வைக்க இடம் வேண்டுமென்று மடக்கு சீட்டுகளில் ஒன்றைக் கழற்றினார்கள். கழற்றியதை என்ன செய்வது என்று தெரியாமல் குதிர் அறையில் போட்டார்கள்.

அந்தச் சீட்டு எங்களுக்குப் பெரிய வண்டியைவிடப் பெரிய வண்டியாக இருந்தது. எல்லோரும் போன பிறகு அத்தை அதை விரித்து என்னை உட்கார வைப்பாள். நான் ஹாரன் அடிப்பேன், அவள் பின்னால் நின்று தள்ளுவாள். பிறகு அவள் உட்காருவாள். "டிரைவரே, எங்க போறோம்?" என்பாள். சித்தேரி மலைக்கு என்பேன். "அவ்ளோ மேட்டுல ஏறுமா உன் வண்டி?" என்பாள். குதிர்களைச் சுற்றி ஓடிவந்து, "மரமெல்லாம் ஓடுது பாருங்க" என்று கத்துவேன். வண்டியிலிருந்து கழற்றிய சீட்டில் உட்கார்ந்துகொண்டு, வண்டி ஏறாத என் அத்தை வாய்விட்டுச் சிரிப்பாள். எனக்கு அந்த வீட்டில் கிடைத்த சிரிப்பு அது ஒன்றுதான்.

டிரைவர் பட்டாளத்துக்குப் போய்விட்டார். வண்டி ஓட்டத் தெரிந்த ஆளைப் பட்டாளத்தில் கொத்திக்கொண்டு போன காலம் அது. வீட்டில் எல்லோருக்கும் இளையவரான சித்தப்பா ஓட்டக் கற்றுக்கொண்டார். ஆனால் கரி மூட்டுகிற வேலை அவருக்கு ஆகவில்லை. விடிகாலையில் உருளையில் கரி கொட்டி, அடிவாயில் மண்ணெண்ணெய்த் துணியைக் கொளுத்தி வைத்து, பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்து விசிறியைச் சுற்ற வேண்டும். கரி நன்றாகப் பிடித்து வாயு வரும்வரை கை ஓய்வில்லாமல் சுற்ற வேண்டும். சித்தப்பாவுக்கோ இஸ்திரி போட்ட வெள்ளை வேட்டிதான் பிராணன். பண்ணையாட்கள் அந்த நேரத்தில் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்து வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருப்பார்கள்.

"நான் சுத்தறேன் தம்பி" என்றாள் அத்தை.

பெரியம்மா முகம் சுளித்தாள். பெரியப்பாதான் தீர்ப்புச் சொன்னார். "பின்னால நின்னு மூட்டறதுல என்னா வந்துது? முன்னால வராம இருந்தா செரி."

எவ்வளவு நியாயம் பாருங்கள். எதிரில் வந்தால் காரியம் கெடும், பின்னால் நின்று உயிர் கொடுத்தால் கெடாது. அப்போது எனக்கு அது விசித்திரமாகப் படவே இல்லை. அத்தைக்குச் சந்தோஷம். வண்டியைத் தொடலாமே!

அந்த வருஷம் பெரிய அக்காவுக்கு, அதாவது பெரியப்பாவின் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் கூடியிருந்தது. தாம்பூலம் மாற்ற, பாத்திரம் எடுக்க, ஊர் ஊராய் அழைக்க என்று தினம் ஒரு பயணம். எல்லாம் நல்ல காரியம். வாசலில் எல்லோரும் குளித்துப் பொட்டு வைத்து நிற்பார்கள். அதனால் அத்தை கரி மூட்டி முடித்து உள்ளே போகிறவரை கொட்டகையின் இரட்டைக் கதவைச் சாத்தியே வைப்பார்கள், அவள் முகம் யார் கண்ணிலும் பட்டுவிடாமல். சமையல்கட்டில் புகை வருகிறது என்று பின்பக்கத்துச் சின்னக் கதவையும் பெரியம்மா சாத்தச் சொன்னாள். சன்னல் கிடையாது. அந்த இருட்டுக்குள் அத்தை நின்று சுற்றுவாள். முடிந்ததும் பின்கதவில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வெளியே வந்து குதிர் அறைக்குப் போய்விடுவாள். பிறகு இரட்டைக் கதவைத் திறப்பார்கள். கதவு திறந்ததும் பெரிய வண்டி மங்களகரமாக முன்னோக்கி வரும்.

நானும் சில நாள் அவளோடு உள்ளே இருந்திருக்கிறேன். கரி நாற்றமும் இருட்டும், உருளையின் அடிவாயில் சிவப்பாக ஒரு வட்டமும். அந்த வட்டத்தின் வெளிச்சத்தில் அத்தையின் முகம் பளபளக்கும். கைப்பிடி கிர்ரென்று சுற்றும். கொஞ்ச நேரத்தில் எனக்குத் தலை விண்விண்ணென்று தெறிக்கும், வாந்தி வரும். "உனக்குத்தான் வண்டி ஆவாதே, போ வெளிய" என்று அத்தை என்னைத் துரத்திவிடுவாள். வண்டி ஆகாத குட்டி என்று பெயர் வாங்கியவள் வாந்தி எடுத்தால் யார் கேட்பார்கள்?

அத்தைக்கும் தலைவலி வர ஆரம்பித்தது. குதிர் அறைக்கு வந்ததும் மடக்கு சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். சில காலைகளில் கிணற்றடியில் போய் ஓங்கரித்தாள். ஒரு நாள் பின்கதவைத் திறந்து வெளியே வந்தவள் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். கன்னம் இரண்டும் சிவந்து, நல்ல நிறமாக இருந்தாள். அப்படி அழகாக அவளை நான் பார்த்ததே இல்லை.

பெரியம்மாவும் பார்த்தாள். சமையல்கட்டு வாசலில் நின்று வெகு நேரம் பார்த்தாள்.

ஒரு படையே பெற்ற பெரியம்மாவுக்குக் காலை வாந்தியும் மயக்கமும் கன்னச் சிவப்பும் ஒன்றைத்தான் சொல்லும். போதாததற்கு அத்தை இரண்டு மாதமாகத் தூரம் ஆகி ஒதுங்கி உட்காரவில்லை என்பதும் அவள் கணக்கில் இருந்திருக்கிறது. ராத்திரிச் சோற்றை வேண்டாமென்று தள்ளிவிட்டு, விடியும் முன்னே எழுந்து வேலை செய்து, எலும்பும் தோலுமாகக் கிடந்தவளுக்கு அது தப்பிப்போகும் என்று எனக்கு இப்போது தெரிகிறது. அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

அன்று மத்தியானம் குதிர் அறைக்குள் பெரியம்மாவும் பெரியப்பாவும் போனார்கள். நான் குதிருக்குப் பின்னால் இருந்தது அவர்களுக்குத் தெரியாது.

"ஆரு?" என்றாள் பெரியம்மா.

அத்தைக்குப் புரியவில்லை. "என்னா அண்ணி?"

"ஆருன்னு கேக்கறேன். கரி கொண்டாறானே, அந்த மலைக்காரனா? பின்வாசல்ல நின்னு உங்கூட என்னா பேச்சு அவனுக்கு?"

சித்தேரிப் பக்கத்திலிருந்து கரி மூட்டை இறக்க வருகிறவரைச் சொன்னாள். அவர் அத்தையோடு பேசியதெல்லாம், மூட்டையை எங்கே இறக்குவது என்பதுதான். ஒரு தடவை எனக்குக் கொஞ்சம் காட்டு நெல்லிக்காய் கொடுத்தார்.

அத்தைக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். "அய்யோ அண்ணி" என்றாள். பெரியப்பாவைப் பார்த்து, "அண்ணா, உங்க மேல சத்தியமா ஒண்ணுமில்லீங்க அண்ணா. தல வலிக்குது, அவ்ளோதான்" என்றாள். பெரியப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பண்ணிட்டு சத்தியம் வேற" என்றாள் பெரியம்மா. பிறகு குரல் இறங்கி, அழுகிற மாதிரி, "எம்பொண்ணு கல்யாணம்மா. தெரிஞ்சா பந்தல்ல ஆரு வந்து நிப்பாங்க?" என்றாள். அவளுக்கும் பயம். பயத்தில் மருத்துவச்சியைக்கூடக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்று, தங்களுக்குத் தெரிந்ததையே உண்மை என்று வைத்துக்கொண்டார்கள்.

ஜோலார்பேட்டைக்கு அந்தப் பக்கம் பிள்ளை இல்லாத தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் இருந்தார். அங்கே கொண்டுபோய் விடுவது என்று முடிவாயிற்று. கரிக்காரரை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமலே போனார்.

பின்னால் நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாதங்கள் போயின. அத்தைக்குக் குழந்தை எதுவும் பிறக்கவில்லை, பிறப்பதற்கு ஒன்றும் இருக்கவும் இல்லை என்று தெரிந்தது. பெரியப்பா போய்க் கூட்டிவருகிறேன் என்று கிளம்பினார். "இப்பப் போயிக் கூட்டியாந்தா, அப்ப எதுக்கு அனுப்புனீங்கன்னு கேக்கமாட்டாங்களா?" என்றாள் பெரியம்மா. பெரியப்பா சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார். யுத்தம் முடிவதற்கு முன்னால் அத்தை அங்கே காய்ச்சலில் இறந்துபோனாள். காரியம் முடிந்த பிறகுதான் சேதி வந்தது. நான் அவளை மறுபடி பார்க்கவே இல்லை.

எனக்கு விஷயம் புரிய வெகு வருஷமானது. கல்யாணமாகிக் குன்னூரில் குடியிருந்தபோது, குளிர் தாங்காமல் பக்கத்து வீட்டம்மா கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவு சன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு படுத்துவிட்டாள். காலையில் கதவை உடைத்துத் தூக்கினோம். பிழைத்துக்கொண்டாள். வாந்தி, மயக்கம், தலைவலி. கன்னம் இரண்டும் ரோஜா நிறம். "மூடின ரூம்ல கரி எரிஞ்சா அதுலேர்ந்து வர்ற விஷவாயு வெளிய போகாதும்மா. ரத்தத்துல ஏறிடும். கதவைத் திறந்து வெச்சிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது" என்றார் டாக்டர். நான் அந்தப் பெண்ணின் கன்னத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வீட்டுக்கு வந்து அழுதேன். பெரியப்பா, பெரியம்மா, சித்தப்பா யாருமே அப்போது உயிரோடு இல்லை. யாரிடம் போய்ச் சொல்வது? என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பாவம்" என்றுவிட்டுப் பேப்பர் படித்தார்.

இனி அந்தக் கடைசிக் காலையைச் சொல்லிவிடுகிறேன்.

பொம்மிடியில் ரயில் ஏற்றுவது என்று ஏற்பாடு. பெரியப்பா கூடவே போய் விட்டுவிட்டு வருவார், சித்தப்பா ஸ்டேஷன் வரை வண்டி ஓட்டுவார். என்னையும் ஏற்றிக்கொள்ளச் சொன்னது பெரியம்மா. "சின்னக் குட்டி கூட இருந்தா வழியில ஆரும் ஒண்ணுங் கேக்கமாட்டாங்க. கோயிலுக்குப் போறாப்ல இருக்கும்" என்றாள். எனக்கு மறுபடி வண்டியில் இடம் கிடைத்தது அப்படித்தான்.

கரியை அன்றும் அத்தைதான் மூட்டினாள், வேறு யாருக்கும் பழக்கம் இல்லை. ஆனால் அன்று இரட்டைக் கதவை அகலத் திறந்து வைத்திருந்தார்கள். போவது நல்ல காரியத்துக்கு இல்லை, வாசலில் பொட்டு வைத்துக்கொண்டு யாரும் நிற்கவில்லை, அவளை மறைக்க வேண்டிய அவசியமும் இல்லை. காலைக் காற்று கொட்டகைக்குள் வந்து போனது. அத்தை கைப்பிடியைச் சுற்றி முடித்து, கையைக் கழுவி, ஒரு துணி மூட்டையை எடுத்துக்கொண்டு, பெரிய வண்டியின் பலகையில் கால் வைத்தாள். எந்தக் காலை முதலில் வைப்பது என்று ஒரு கணம் தடுமாறினாள். பிறகு ஏறிப் பின் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுது அழுது கண் இரண்டும் வீங்கியிருந்தது.

ஊர் தாண்டும்வரை தலையைக் குனிந்தே இருந்தாள். புளியமரச் சாலை வந்ததும் மெதுவாக நிமிர்ந்தாள். என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"நெசந்தான் கண்ணு" என்றாள். "மரம் ஓடுது."

நான் அவளைப் பார்த்தேன். அவ்வளவு நடந்த பிறகும் அவள் முகத்தில் ஒரு சின்னப் பிள்ளையின் ஆச்சரியம் இருந்தது. வேப்பமரம், பனைமரம், ஆடு மேய்க்கிறவர்கள், தூரத்து மலை என்று எல்லாவற்றையும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கொஞ்ச தூரம் போன பிறகு நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"என்னமோ தெரியல, இன்னிக்குத் தலயே வலிக்கல" என்றாள். "வாந்தியும் வரல."

முன்னால் உட்கார்ந்திருந்த பெரியப்பா காதில் அது விழுந்தது. அவர் தோள் அசைந்ததை நான் பார்த்தேன். ஆனால் திரும்பவில்லை.

பொம்மிடி ஸ்டேஷனில் இறங்கினோம். பெரியப்பா டிக்கெட் வாங்கப் போனார். அத்தை மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, வண்டியைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். அதன் முன்பக்கம் போய், இரண்டு பெரிய விளக்குகளுக்கும் நேர் எதிரே நின்றாள். வெள்ளிக்கிழமை வைத்த மஞ்சளும் குங்குமமும் வண்டியின் மூக்கில் காய்ந்து கிடந்தன. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளே உட்கார்ந்திருந்த சித்தப்பா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அத்தை அவசரப்படவே இல்லை. ஒருவரைப் பற்றி ரொம்ப நாள் கேள்விப்பட்டு, அன்றைக்குத்தான் நேரில் பார்க்கிறவள் மாதிரி நின்று பார்த்தாள்.

"மூஞ்சி நல்லாத்தான் இருக்குது" என்று என்னிடம் சொன்னாள். என் தலையை முந்தானையால் துடைத்துவிட்டாள். ரயில் வந்தது, ஏறினாள், போய்விட்டாள்.

திரும்பும்போது அவ்வளவு பெரிய வண்டியின் பின்பக்கம் முழுவதும் எனக்கே எனக்கு. நான் வாந்தி எடுக்கவில்லை. சித்தப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்து, "பரவால்லியே, உனக்கு வண்டி பழகிப்போச்சே. இனிமே எல்லா ஊருக்கும் உன்னயும் கூட்டிட்டுப் போலாம்" என்றார். அப்படியே கூட்டிக்கொண்டும் போனார்கள். அக்கா கல்யாணத்துக்குச் சன்னலோரச் சீட்டில் உட்கார்ந்து போனேன். அந்த இடம் எனக்கு எப்படிக் கிடைத்தது என்று புரிந்த பிறகு, எந்த வண்டியிலும் பின் மூலையைத் தவிர வேறெங்கும் உட்கார எனக்கு மனசு வந்ததில்லை. குதிர் அறையில் அந்த மடக்கு சீட்டு மட்டும் விரித்தது விரித்தபடி கிடந்தது. அதில் உட்கார எனக்குப் பயமாக இருந்தது.

அத்தை போன பிறகு பண்ணையாள் ஒருவரைக் கவலை வேலையிலிருந்து எடுத்துக் கரி மூட்ட வைத்தார்கள். யாரையும் மறைக்க வேண்டியதில்லை என்பதால் கொட்டகைக் கதவை அதன் பிறகு சாத்தவே இல்லை. யுத்தம் முடிந்து பெட்ரோல் வரும்வரை அந்த மனுஷர் தினமும் அங்கே நின்று சுற்றினார். ஒரு நாள்கூடத் தலை வலிக்கிறது என்று அவர் சொன்னதில்லை.